கண்ணாடிப் பெட்டிக்குள் போன குரல்

குவாப்பி படகுத்துறையில் காலை லாஞ்சுக்கு ஆள் சேர்ப்பது எனேலியா பங்கேராவின் வேலை. சிமெண்டுப் படியில் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்று, "புவெனவெந்தூரா! புவெனவெந்தூரா! ரெண்டே சீட்டு!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், ஆற்றின் அக்கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். ரெண்டே சீட்டு என்பது பொய். லாஞ்சு பாதி காலியாகத்தான் கிடக்கும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றும். எனேலியா ரகசியம் சொன்னால் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களும் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பது எங்கள் ஊர்க் கேலி.

அவள் புருஷன் ஃபுல்டன் குருவேசோ அதே லாஞ்சை ஓட்டுகிறவன். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். "எங்க வீட்டுக்கு வேண்டிய பேச்செல்லாம் நானே பேசிடறேன். அவரு எஞ்சின் சத்தத்தப் பாத்துக்கிட்டாப் போதும்" என்பாள் எனேலியா.

மூத்த பையன்கள் இருவரையும் வீட்டிலேயே, மருத்துவச்சி கையில் பெற்றவள். உடம்புச் சூடு ஆறுவதற்குள் துறைக்கு வந்து நின்றவள். அதனால் மூன்றாவதைச் சுமந்தபோதும் அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஏழாம் மாதத்தில் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பெரிய செருப்பு வாங்கிக்கொண்டாள். தலை வலித்தது, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தபோது, "வெயிலு" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் காலை, "புவெனவெந்..." என்று குரல் பாதியிலேயே நின்றது. அவள் கத்துவதற்குத் திரும்பாதவர்கள்கூட அந்த மௌனத்துக்குத் திரும்பினார்கள். துறையோரம் மீன் பொரித்து விற்கும் நிதியா, ஃபுல்டனின் தங்கை, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தாள். இல்லையென்றால் எனேலியா படியில் உருண்டு ஆற்றில் விழுந்திருப்பாள்.

பிரஷர் தலைக்கேறி வலிப்பு வந்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மூச்சு விடத் தெரியவில்லை. காலி நகரத்திலிருந்து சின்ன விமானம் ஒன்று வந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குழந்தையைக் கொண்டுபோனது. அதில் தாய்க்கு இடமில்லை. இடமிருந்தாலும் அவளை அசைக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எனேலியாவுக்கு நினைவு திரும்பியபோது அவள் மகள் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாள். ஃபுல்டன் அடுத்த விமானம் பிடித்துப் பின்னாலேயே போனான்.

"எப்படி இருக்கா?" என்று போனில் கேட்டாள்.

"சின்னதா இருக்கா."

"எவ்வளவு சின்னதா?"

"ரொம்ப."

"அட மனுஷா, அங்க போயுமா வார்த்தைய அளந்து பேசுவே? யார் ஜாடை? முடி இருக்கா? அழறாளா?"

"அழ முடியாது. வாயில டியூப்பு."



ஒரு போட்டோ வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் எடுத்து ஃபுல்டனிடம் கொடுத்து அனுப்பச் சொன்னது. நிதியா, பையன்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் போனைச் சுற்றி நின்றார்கள். சிவந்த சுருங்கிய உடம்பு, கண்ணை மூடிய பட்டை, மூக்கிலும் வாயிலும் குழாய். "அழகா இருக்கா" என்றாள் எனேலியா. எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் போன பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பையன்கள் பிறந்தபோது தானாகப் பொங்கி வந்தது எதுவோ, அது வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ காட்டிய மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக எனேலியாவிடம் யாருக்கும் சொல்ல முடியாத விஷயம் ஒன்று சேர்ந்தது.

குழந்தைக்குப் பேர் என்ன என்று காலியிலிருந்து கேட்டார்கள். "அப்பா வைப்பாரு" என்றாள். ஃபுல்டனைக் கேட்டால், "அம்மா வைப்பா" என்றான். கண்ணாடிப் பெட்டி மேல் 'பங்கேராவின் மகள்' என்று எழுதி ஒட்டினார்கள்.

அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் மார்லெனி ஓஸ்பினா. எல்லோரும் அவளை 'ஹெஃபே' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே தலைமை நர்ஸுக்கு அதுதான் பேர். கடற்கரை ஊர்களிலிருந்து குழந்தைகள் வருவதையும், தாய்மார் உடம்பு தேறி வாரக்கணக்கில் தாமதித்து வருவதையும், வந்தவர்கள் சொந்தப் பிள்ளையின் பெட்டி முன்னால் விருந்தாளி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் அவள் வருஷக்கணக்காகப் பார்த்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய போன் மாதிரியான டேப் கருவி ஒன்றை வைத்துத் தாயுடன் வீடியோவில் பேச விடலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரிய டாக்டர் சம்ப்ரானோ மாட்டேன் என்றார். கிருமி வரும், சத்தம் வரும், மற்ற குழந்தைகளின் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்பது அவர் கவலை. கடைசியில், "ஒரே ஒரு தாய். சாயங்காலம் பால் கொடுத்த பிறகு கொஞ்ச நேரம். ஏதாவது கோளாறானா அதோட சரி" என்று இறங்கி வந்தார். அந்த ஒரே தாயாக மார்லெனி எனேலியாவைத் தேர்ந்தெடுத்தாள். அவளுக்கு எனேலியாவின் குரலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதற்குள் வீடு திரும்பியிருந்த எனேலியா முதல் நாள் தலை சீவி, காதில் பெரிய வளையம் மாட்டி உட்கார்ந்தாள். கிருமிக்குப் பயந்து டேப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை வழியாகத் திரையில் முதலில் வெளிச்சம் தெரிந்தது, பிறகு கண்ணாடி, பிறகு குழந்தை.

"பேசுங்க அம்மா" என்றாள் மார்லெனி.

"என் தங்கமே! அம்மா வந்திருக்கேன்டீ!"

துறையில் கொடுக்கிற அதே குரல். குழந்தையின் கைகால் நாலும் விலுக்கென்று விரிந்தன. பக்கத்துக் கருவியில் ஓடிய எண் மளமளவென்று இறங்கியது. மணி அடித்தது. திரையில் கூரை தெரிந்தது, யாரோ ஒருவரின் முழங்கை தெரிந்தது, இணைப்பு போய்விட்டது.

எனேலியா போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "கொன்னுட்டேனாடி?" என்று நிதியாவைக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மார்லெனியே கூப்பிட்டாள். "ஒண்ணும் ஆகல, தூங்கறா. ஆனா அம்மா, அவளுக்கு நம்ம குரலெல்லாம் இடி மாதிரி. மெதுவாப் பேசணும்."

"மெதுவாத்தானே பேசுனேன்!"

"சர்ச்சுல பூசை நடக்கறப்ப முன் வரிசையில இருக்கறவளப் பத்திப் பக்கத்துல இருக்கறவகிட்ட சொல்லுவோமே, அப்படி."

"ஹெஃபே, நான் யாரப் பத்தியும் முதுகுக்குப் பின்னாடி பேசுனதில்ல. எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராத்தான்."

மார்லெனி சிரித்துவிட்டாள். "அப்ப இனிமே கத்துக்கங்க. டாக்டர்கிட்ட இன்னொரு தடவ கேட்டு வெச்சிருக்கேன். நாளைக்கும் மணி அடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் முழுக்கப் பயிற்சி நடந்தது. நிதியா அடுப்படியில் நிற்பாள். எனேலியா கட்டிலில் படுத்தபடி பேசுவாள். நிதியாவுக்குக் கேட்டால் தோல்வி.

"நிதியா, நீ பொரிக்கிற மீன்ல உப்பு பத்தல."

"கேட்டுருச்சு! உப்பு பத்தலயா? திங்கறப்ப வாய மூடிக்கிட்டுத் தின்னியே!"

"நிதியா, உன் புருஷன் தலையில சொட்ட விழுந்துருச்சு."

"கேட்டுருச்சுடி! என் புருஷன் தலை உனக்கெதுக்கு?"

சாயங்காலத்துக்குள் நிதியா, "என்ன? என்ன சொன்னே?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு எனேலியாவின் குரல் இறங்கியிருந்தது. தையல் போட்ட வயிறு சிரித்துச் சிரித்து வலித்தது.

அன்றைய அழைப்பில் மணி அடிக்கவில்லை. ஆனால் வேறு சங்கடம் வந்தது. குரல் இறங்கியதும் பேச்சே இல்லாமல் போய்விட்டது. கத்தும்போது வார்த்தை தானாக வந்து விழும். மெதுவாகப் பேச உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

"பேசுங்க அம்மா" என்றாள் மார்லெனி.

"என்ன அம்மான்னு கூப்பிடாதீங்க ஹெஃபே."

"ஏன்?"

எனேலியா நிதியா பக்கம் பார்த்தாள். நிதியா புரிந்துகொண்டு வெளியே போய்விட்டாள். "எனக்கு ஒண்ணுமே தோணல. ரெண்டு பெத்தவ நான். இது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ளையப் பாத்தா யாரோ பெத்த புள்ள மாதிரி இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு."

மார்லெனி அழுவாள், திட்டுவாள், பிரசங்கம் பண்ணுவாள் என்று எனேலியா எதிர்பார்த்தாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. டேப்பைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். "சரி. இன்னிக்கு எதுவும் தோண வேண்டாம். சும்மா பாருங்க. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க, போதும்."

எனேலியா பார்த்தாள். "காலு தெரியுது. ரெண்டாவது விரல் நீளமா இருக்கு." நிறுத்தினாள். "ஐயோ, அது அவரு விரலு! அவங்க குடும்பத்துக்கே அந்தக் கோணக் காலு."

"அப்புறம்?"

"கைய எங்க கொண்டுபோறா? ஹெஃபே, டியூப்பப் புடிக்கிறா பாருங்க!"

"ஆமா. நேத்துலேருந்து ரெண்டு தடவ உருவிட்டா. ஒட்ட ஒட்ட உருவறா. இந்த வார்டுலயே இவ மாதிரி அடங்காத கழுதைய நான் பாத்ததில்ல."

குழந்தையின் நெற்றி சுருங்கியது. விரல்கள் குழாயைப் பற்றி இழுத்தன. நர்ஸின் விரல் மெல்ல விலக்க, மறுபடி பற்றின. எனேலியா தன்னை அறியாமல் முன்னுக்கு வந்தாள். மூக்கு திரையில் முட்டியது. "விடாதடி" என்றாள், நிதியாவுக்குக் கேட்காத குரலில். "யாருக்கும் விட்டுக் குடுக்காத. ஆனா அந்த டியூப்ப மட்டும் விடு, அது உனக்கு வேணும்."

நிதியா உள்ளே வந்தவள், "அடியே, உன் சட்டை!" என்றாள்.

எனேலியா குனிந்து பார்த்தாள். மார்பு இரண்டும் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. ஊர் டாக்டர் பால் கறக்கச் சொல்லிச் சொல்லி, கிண்ணத்தின் அடி நனையும் அளவுக்குக்கூட வராமல், வற்றிவிட்டது என்று அவள் முடிவு கட்டியிருந்த பால்.

அதற்குப் பிறகு சாயங்கால அழைப்புக்காக வீடு முழுவதும் ஒழுங்கானது. பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். எனேலியா முன்கூட்டியே குளித்துவிட்டு உட்காருவாள். பார்த்துக்கொண்டே பால் கறப்பாள். பால் மலை தாண்டிப் போகப் போவதில்லை. கீழேதான் கொட்ட வேண்டும். ஆனாலும் ஊற்று அடைபடாமல் இருந்தால் போதும் என்று மார்லெனி சொல்லியிருந்தாள். பேசுவதற்கு விஷயம் தேட வேண்டியதில்லை என்பதையும் எனேலியா கண்டுபிடித்துவிட்டாள். துறைச் செய்தியே ஏராளம். யார் பன்றி ஆற்றில் விழுந்தது, யார் கல்யாணத்துக்குப் போய் யாரோடு திரும்பினார்கள், எல்லாம் மகளுக்குத் தெரிந்தாக வேண்டும். வார்டில் நர்ஸுகள் அந்த நேரத்துக்கு அந்தப் பெட்டிப் பக்கமாகவே வேலை வைத்துக்கொண்டார்களாம்.

ஃபுல்டனுக்குத்தான் பொறாமை. "ஏங்கிட்ட அசையக்கூட மாட்டேங்கறா" என்றான்.

"நீ பேசுனாத்தானே அசையறதுக்கு?"

பிறகு ஒரு முற்பகலில், அழைப்பு வரக்கூடாத நேரத்தில், போன் அடித்தது. திரையில் மார்லெனி இல்லை, டாக்டர் சம்ப்ரானோ இருந்தார். ரத்தத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். மருந்து ஆரம்பித்திருக்கிறோம், இனிமேல்தான் தெரியும் என்றார். ஃபுல்டன் வெளியே நடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனால் உள்ளே வர முடியவில்லை என்றும் சொன்னார்.

"எனக்குக் காட்டுங்க" என்றாள் எனேலியா.

"அம்மா, உங்களுக்கே பிரஷர் இன்னும் அடங்கல. வலிப்பு வந்த உடம்பு. இப்ப பாக்க வேண்டாம். கொஞ்சம் தேறட்டும், நானே காட்டச் சொல்றேன்."

"தேறலன்னா டாக்டர்?"

அவர் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தேறலன்னா எனக்கு எதக் காட்டுவீங்க? சவப்பெட்டியவா? நல்லா இருக்கற நாளைக்கு மட்டும்தான் நான் அவளுக்கு அம்மாவா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இணைப்பைத் துண்டித்திருப்பேன் என்று அவரே பிற்பாடு சொன்னார்.  அப்படியானால் பக்கத்தில் யாராவது பிரஷர் கருவியோடு உட்கார வேண்டும், எண் ஏறினால் நிறுத்திவிட வேண்டும் என்றார். நிதியா ஓடிப்போய் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸை இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் பட்டை சுற்றிய பிறகுதான் படம் வந்தது.

குழந்தை சாம்பல் நிறத்தில் இருந்தாள். வயிறு உப்பியிருந்தது. குழாயைப் பற்றும் கை பக்கத்தில் சும்மா கிடந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கைதான் எனேலியாவை உலுக்கியது.

"வலிக்குதா அவளுக்கு?"

"வலிக்கு மருந்து குடுத்திருக்கோம் அம்மா." மார்லெனியின் குரல்.

"சரி. அந்தப் பேர்ச் சீட்ட மாத்துங்க ஹெஃபே. நஸ்லின்னு எழுதுங்க. நஸ்லி குருவேசோ பங்கேரா."

மார்லெனி எழுதி ஒட்டிவிட்டுத் திரைக்குக் காட்டினாள். எனேலியா தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் புதுக் குரலில் ஆரம்பித்தாள்.

"நஸ்லி, ஆத்துல தண்ணி ஏறியிருக்கு. உங்கப்பா இல்லாததால லாஞ்ச எர்மின்சுல் ஓட்டறான். நேத்து மணல்திட்டுல ஏத்திட்டான்டி. ஜனமெல்லாம் இடுப்பளவுத் தண்ணியில எறங்கித் தள்ளுனாங்க. அந்தப் பள்ளிக்கூட டீச்சர் இல்ல, அவங்க பாவாடைய..."

டாக்டர் சம்ப்ரானோ அங்கேயே நின்றிருந்தார். போகவில்லை. டேப்பை யாரும் எடுக்கவும் இல்லை. அன்று வெயில் சாயும்வரை அது பெட்டிப் பக்கத்தில் இருந்தது. பேசி அலுத்தபோது எனேலியா பேசாமல் பார்த்தாள். நிதியா தேங்காய்ப்பால் இறால் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஊட்டிவிட்டாள். பட்டை சுற்றிய கை மடியிலேயே கிடந்தது.

நஸ்லியைக் காப்பாற்றியது மருந்து. எனேலியாவும் அப்படித்தான் சொல்வாள். அதில் அவளுக்கு மயக்கம் கிடையாது. "நான் பேசுனது அவளுக்காக மட்டுமில்ல. அவ போயிருந்தாலும், நான் இல்லாதப்பப் போனதா ஆகியிருக்கக் கூடாது" என்பாள். அந்த வாரக் கடைசியில் நிறம் திரும்பியது. கையும் குழாயைத் தேட ஆரம்பித்தது.

எனேலியாவுக்குப் பயணம் செய்ய அனுமதி கிடைத்ததும் காலிக்குப் பறந்தாள். வார்டு வாசலில் நின்ற மார்லெனி அவள் நினைத்ததைவிட ரொம்பக் குள்ளம். இத்தனை நாள் அவளுடைய கைகளையும் நெற்றியையும்தான் பார்த்திருக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். எனேலியா கழுவினாள். மறுபடி கழுவினாள்.

"தோலு உரிஞ்சுடும், போதும்" என்றாள் மார்லெனி.

"பயமா இருக்கு ஹெஃபே. போன்ல பாத்தப்ப பயமில்ல. அங்கேருந்து நான் அவள ஒடச்சிட முடியாதில்ல."

"இங்கேருந்தும் முடியாது. வாங்க."

நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சட்டையைத் திறந்து, நஸ்லியைத் தோலோடு தோலாக நெஞ்சில் கவிழ்த்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். கங்காரு குட்டியைப் பையில் வைத்துக்கொள்வது மாதிரி. திரையில் பார்த்ததைவிட இன்னும் சின்னதாக இருந்தாள். எடையே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. மருந்து வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. அதை எந்தப் போனும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எனேலியா மூக்கை அந்தத் தலையில் வைத்து இழுத்தாள்.

"நஸ்லி" என்றாள். "எர்மின்சுல் மறுபடியும் மணல்ல ஏத்திட்டான்டி."

குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது. குரலைக் கேட்டா, வெளிச்சம் பட்டா என்று யாருக்குத் தெரியும்? ஃபுல்டன் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏங்கிட்ட ஒரு தடவகூட இப்படித் தொறந்ததில்ல" என்றான். அவன் வாழ்நாளில் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான்.

அங்கேயே தங்கி, நெஞ்சில் கட்டிக்கொண்டே எனேலியா மகளை வளர்த்தாள். முதலில் குழாய் வழியாகவும், பிறகு மார்பிலும் நஸ்லி தாய்ப்பால் குடித்தாள். அந்த நாட்களில் எனேலியா தன் பழைய குரலை ஒரே ஒரு தடவைதான் வெளியே எடுத்தாள். டேப் கீழே விழுந்து உடைந்துபோனது, இனி இந்த அழைப்பெல்லாம் வேண்டாம் என்று நிர்வாகத்தில் யாரோ சொன்ன அன்று. வார்டுக்கு ரொம்பத் தள்ளி, அலுவலக நடையில் நின்றுகொண்டு, திம்பிக்கி என்ற கரையோர ஊரில் படுத்தபடி இப்போது அந்த டேப்பில் பிள்ளையைப் பார்த்துவந்த இன்னொரு தாயின் பேரைச் சொல்லி, அவளுக்கு அவள் பிள்ளையை இன்று யார் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டாக்டர் சம்ப்ரானோவும் வெளியே வந்து, "நானும் அதத்தான் கேக்கறேன்" என்றார். அடுத்த வாரம் புதுக் கருவிகள் வந்தன. எல்லாத் தாய்மாருக்கும் நேரம் ஒதுக்கினார்கள்.

இன்றைக்கும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பச்சைக் குழந்தை விமானம் ஏறினால், ஊர் ஆஸ்பத்திரியில் எனேலியாவுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் அழைப்பின்போது தாயின் கட்டில் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

நஸ்லி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குறைமாதத்தில் பிறந்ததால் கண் மட்டும் கொஞ்சம் மட்டு. தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். போன தடவை அப்பாவின் லாஞ்சில் முன்வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து ஏறினாள். ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் அலை எழும்பி அடித்து, மூக்குக்கண்ணாடி தண்ணீரில் போய்விட்டது.

"இப்ப எப்படிப் படிப்பே?" என்று எனேலியா கேட்டாள்.

"டாக்டர்கிட்டத்தானே போறோம்? வேற குடுப்பாரு" என்றாள் நஸ்லி. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மங்கலாகத் தெரிந்த கடலைப் பார்த்து, இன்னும் வேகமாக ஓட்டும்படி அப்பாவுக்குக் கை காட்டினாள்.